கணக்கில் வராத வெள்ளம்

இணைந்த கணிதத்தில் நிகழ்தகவு அலகைப் படித்து முடித்த கையோடு நான் செய்த முதலாவது சொந்தக் கணக்கு பிழைத்துப்போனது. பரீட்சைத் தாளில் பிழைத்திருந்தால் ஐந்தோ பத்தோ புள்ளிகள் போயிருக்கும். இது எங்கள் உம்மும்மாவின் மூச்சோடு சம்பந்தப்பட்ட கணக்கு. அதனால்தான் எழுதுகிறேன். கணிதப் பிரிவில் இல்லாத சகோதரிகளும், பிள்ளைகளின் சஞ்சிகையைப் புரட்டிப் பார்க்கும் வாப்பாமாரும் உம்மாமாரும் பயந்து பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். பெருக்கலும் கூட்டலும் தெரிந்தால் போதும்.

உம்மும்மாவின் நுரையீரல் சில வருடங்களாகவே பலவீனம். அவரது கட்டிலுக்குப் பக்கத்தில், சிறிய சூட்கேஸ் அளவில், சில்லுப் பூட்டிய ஒரு பெட்டி இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும். அறைக் காற்றை உறிஞ்சி, அதிலுள்ள நைதரசனை ஒரு வகைக் கனிமத் துகள்களில் பிடித்து வைத்துக்கொண்டு, மிஞ்சும் ஒட்சிசனை மெல்லிய குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும் கருவி அது. காற்று இருக்கும்வரை அதற்கு ஒட்சிசன் குறையாது. ஆனால் கரண்ட் வேண்டும். கரண்ட் போனால் பெட்டி ஒருமுறை நீளமாகக் கத்திவிட்டு நின்றுவிடும். அந்தச் சத்தம் கேட்டால் எங்கள் வீட்டில் எவ்வளவு ஆழ்ந்த தூக்கத்திலிருப்பவரும் எழும்பிவிடுவார்.

இதற்காக வாப்பா இன்வேர்ட்டர் ஒன்றும் பெரிய பற்றரி ஒன்றும் வாங்கிக் குசினிக்குப் பின்னால் வைத்தார். நானா பழைய பெற்றோல் ஜெனரேட்டர் ஒன்றைத் திருத்தி எடுத்துவந்து பின்பக்கத் தாழ்வாரத்தில் வைத்தார். அதற்குப் பிறகும் வாப்பாவுக்கு மனம் ஆறவில்லை. "ஒட்சிசன் சிலிண்டர் ஒண்டும் எடுத்து வைப்பமா?" என்று கேட்டார். அதற்கும் பணம் வேண்டும். நான் அப்போதுதான் நிகழ்தகவு படித்திருந்தேன். அப்பியாசக் கொப்பியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கரண்ட் போன நேரத்தில் இன்வேர்ட்டர் கைவிடும் நிகழ்தகவு 1/10 என்று வைத்துக்கொண்டேன். பற்றரி பழசாகிவிடும், சார்ஜ் இறங்கியிருக்கும், இப்படி. நானாவின் ஜெனரேட்டர் அதைவிட நல்லது, 1/20. இரண்டும் ஒன்றாகக் கைவிட்டால்தான் உம்மும்மாவுக்கு ஆபத்து. 1/10 × 1/20 = 1/200. அதாவது 200 தடவை கரண்ட் போனால் ஒரு தடவை. அடியில் இரட்டைக் கோடு போட்டு வாப்பாவிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தத் தாளை இரண்டு முறை வாசித்தார். "மகள் கணக்குப் பார்த்துச் சொன்னா சரிதானே" என்றார். சிலிண்டர் எடுக்கவில்லை.

என் கணக்கில் பெருக்கல் பிழை எதுவும் இல்லை. பிழை எங்கே என்று சொல்வதற்கு முன், பொறியியலாளர்கள் இப்படியான கணக்குகளை எப்படிப் போடுகிறார்கள் என்று சுருக்கமாகச் சொல்லவேண்டும்.

ஒரு தொகுதி பல பாகங்களால் ஆனது. பௌதிகவியலில் தடைகளைத் தொடராகவும் சமாந்தரமாகவும் இணைப்பதைப் படிக்கிறோம் அல்லவா? நம்பகத்தன்மைக் கணக்கிலும் அதே இரண்டு படங்கள்தான். எல்லாப் பாகங்களும் வேலைசெய்தால்தான் தொகுதி வேலைசெய்யும் என்றால் அது தொடர். பத்துப் பாகங்கள் தொடராக, ஒவ்வொன்றும் 100 இற்கு 99 தடவை சரியாக வேலைசெய்யும் என்று வைத்துக்கொள்வோம். 0.99 ஐப் பத்துத் தடவை பெருக்கினால் ஏறத்தாழ 0.90 தான் வரும். ஒவ்வொரு பாகமும் நன்றாக இருந்தும் முழுத் தொகுதி பத்தில் ஒரு தடவை கைவிட்டுவிடும். ஏதாவது ஒன்று வேலைசெய்தாலே போதும் என்றால் அது சமாந்தரம். அங்கே செயலிழக்கும் நிகழ்தகவுகளைப் பெருக்குகிறோம். சாதாரணப் பாகங்கள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே மிக நம்பகமான தொகுதி கிடைத்துவிடும்போலத் தோன்றும். எங்கள் இன்வேர்ட்டரும் ஜெனரேட்டரும் சமாந்தரம்.

இந்தப் பெருக்கல் செல்லுபடியாவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று சாராதவையாக இருக்கவேண்டும். ஒன்று நடந்துவிட்டது என்று தெரிந்தாலும் மற்றது நடக்கும் வாய்ப்பு மாறக்கூடாது. இரண்டு தாயக்கட்டைகளை உருட்டினால் அப்படித்தான். முதலாவதில் ஆறு விழுந்தது இரண்டாவதற்குத் தெரியாது. வினாத்தாளில் "சாராத" என்ற சொல்லை அவர்களே எழுதித் தந்துவிடுவார்கள். நாங்கள் அதை வாசித்ததும் பெருக்கத் தொடங்கிவிடுவோம். வீட்டுக் கணக்கில் அந்தச் சொல்லை எழுதியது யார்? நானேதான், எழுதுகிறேன் என்று தெரியாமலே எழுதிவிட்டேன்.

எங்கள் வீடு களனி கங்கையிலிருந்து அதிக தூரத்தில் இல்லை. அந்த மழையில் தண்ணீர் வரும் என்று எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. எங்கள் வளவுக்குள் வரும் என்று யாரும் நினைக்கவில்லை. இரவு ஒரு மணி கடந்து பெட்டி கத்தியது. இன்வேர்ட்டர் ஓடத் தொடங்கியது. நான் திரும்பப் படுக்கப் போனபோது என் கால் நனைந்தது. சற்று நேரத்தில் குசினிப் பக்கம் பற்றரி இருந்த இடத்தில் 'சொர்' என்று ஒரு சத்தம், பெட்டி மறுபடி கத்தியது. நானா டோர்ச்சோடு தாழ்வாரத்துக்கு ஓடினார். ஜெனரேட்டரின் பாதிக்கு மேல் தண்ணீருக்குள் இருந்தது. எத்தனை தடவை கயிற்றை இழுத்தாரோ தெரியாது. திரும்பி வந்தபோது அவரது உள்ளங்கை தோல் உரிந்திருந்தது.

உம்மா, உம்மும்மாவின் விரலில் பூட்டும் சிறிய மானியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். 92. 89. 85. எண்களை அவ்வளவு வெறுத்த இரவு எனக்கு வேறில்லை. நானாவும் பக்கத்து வீட்டு நானாமார் இருவரும் உம்மும்மாவைப் பிளாஸ்டிக் கதிரையோடு தூக்கிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில், மேட்டுப் பக்கத்து வீடொன்றுக்குப் போனார்கள். கொரோனாக் காலத்தில் வாங்கிய ஒட்சிசன் சிலிண்டர் ஒன்று அந்த வீட்டில் இருந்தது. அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் மிச்சம். அது போதுமாக இருந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

வாப்பா என்னை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்தத் தாளை அவர் குர்ஆன் வைக்கும் அலுமாரியின் மேல்தட்டில் மடித்து வைத்திருந்தார். தண்ணீர் வடிந்த பிறகும் அது நனையாமல் அங்கேயே இருந்தது. நான்தான் எடுத்துப் பார்த்தேன்.

இப்போது கணக்கைத் திருத்துவோம்.

கரண்ட் போவதற்கு எத்தனையோ காரணங்கள்: மரம் விழுவது, பியூஸ் போவது, திருத்த வேலை. அவற்றில் ஒன்று வெள்ளம். தண்ணீர் ஏறினால், ஆட்களுக்கு மின் தாக்காமலிருக்க அந்தப் பகுதிக்கு வேண்டுமென்றே மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். ஆகவே எந்த இரவென்று தெரியாத ஓர் இரவில் எங்கள் வளவில் வெள்ளம் இருக்கும் வாய்ப்பு மிகச் சிறியது. கரண்ட் போயிருக்கிறது என்று தெரிந்த ஓர் இரவில் அந்த வாய்ப்பு அவ்வளவு சிறியதல்ல. நிபந்தனை நிகழ்தகவு என்று படிப்பது இதைத்தான். எங்கள் தெருவின் பழைய ஆட்களிடம் கேட்டு, கரண்ட் போகும் 20 தடவைகளில் ஒன்று வெள்ளத்தால் என்று வைத்துக்கொண்டேன். இது அளந்த எண்ணல்ல, ஊகம்தான். ஆனால் கணக்கின் போக்கு அதில் மாறாது.

வெள்ளம் இருந்தால், தரையில் இருக்கும் இன்வேர்ட்டரும் தாழ்வாரத்து ஜெனரேட்டரும் இரண்டுமே போய்விடும். நிகழ்தகவு 1. வெள்ளம் இல்லாவிட்டால் என் பழைய கணக்குச் சரி, 1/200. இரண்டையும் சேர்த்தால்: 1/20 × 1, அத்துடன் 19/20 × 1/200. அதாவது 0.05 உம் 0.00475 உம். மொத்தம் 0.05475. பதினெட்டில் ஒன்று! 200 இல் ஒன்று என்று இரட்டைக் கோடு போட்டுக் கொடுத்தது, உண்மையில் 18 இல் ஒன்று.

இதை இப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. மூன்றாவதாக இன்னொரு ஜெனரேட்டர், அதுவும் 1/20 தரத்தில், அதே தாழ்வாரத்தில் வைத்திருந்தால் என்ன நடந்திருக்கும்? வெள்ளமில்லாத பகுதி இன்னும் இருபது மடங்கு சுருங்கும்: 0.00475 என்பது ஏறத்தாழ 0.00024 ஆகும். வெள்ளப் பகுதியான 0.05 அசையாமல் அப்படியே இருக்கும். மொத்தம் 0.05024. இருபதில் ஒன்று. ஒரு முழு ஜெனரேட்டரின் விலையைக் கொடுத்து 18 ஐ 20 ஆக்கியிருப்போம், அவ்வளவுதான். மாறாக, வாப்பா கேட்ட அந்தச் சிலிண்டரைத் தண்ணீர் எட்டாத உயரத்தில் வைத்திருந்தால்? அது ஐந்தில் ஒரு தடவை கைகொடுக்காது என்றே வைப்போம். காற்று முடிந்திருக்கலாம், திருகு இறுகியிருக்கலாம். 0.05475 ஐ ஐந்தால் பிரிக்க 0.011 அளவில் வரும். 91 இல் ஒன்று. இருபதில் ஒன்று கைவிடும் நல்ல ஜெனரேட்டரைவிட, ஐந்தில் ஒன்று கைவிடும் சுமாரான சிலிண்டர் நாலரை மடங்கு பாதுகாப்புத் தருகிறது. காரணம், அதற்கு வெள்ளமும் தெரியாது, கரண்டும் தெரியாது.

இதே பிழையை என்னைவிட எவ்வளவோ படித்தவர்களும் செய்திருக்கிறார்கள் என்பதைப் பிறகுதான் வாசித்தேன். 2011 மார்ச் 11 ஆம் திகதி யப்பானின் வடகிழக்குக் கடலில் 9.0 அளவிலான நிலநடுக்கம் ஏற்பட்டது. புகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்தில் ஓடிக்கொண்டிருந்த உலைகள் ஒழுங்காகத் தாமே நின்றன. ஆனால் அணு உலையை அடுப்பைப்போல அணைத்துவிட முடியாது. நின்ற பிறகும் அதன் எரிபொருள் நெடுநேரம் வெப்பத்தை விட்டுக்கொண்டே இருக்கும். தண்ணீர் பாய்ச்சிக் குளிர்விக்க வேண்டும், அதற்குப் பம்பிகள் ஓட வேண்டும், பம்பிகளுக்கு மின்சாரம் வேண்டும். உம்மும்மாவின் பெட்டியைப் போலத்தான். வெளியிலிருந்து வரும் மின்கம்பிகள் நிலநடுக்கத்தோடு போயின. உடனே அவசர டீசல் ஜெனரேட்டர்கள் இயங்கத் தொடங்கின. அதுவரை எல்லாம் திட்டப்படி.

ஏறத்தாழ ஐம்பது நிமிடங்களில் பெரிய சுனாமி அலை வந்தது. நான்கு உலைகள் இருந்த நிலம் கடல் மட்டத்திலிருந்து 10 மீற்றர் உயரம். அலை அதைவிடப் பல மீற்றர் உயரமாக ஏறியது. ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவை கட்டடங்களின் நிலக்கீழ்த் தளத்தில் இருந்தன. ஆறு உலைகளுக்குமாக இருந்த 13 ஜெனரேட்டர்களில் 12 பயனற்றுப் போயின. ஒன்று மட்டும், ஆறாவது உலைக்குரிய, காற்றால் குளிரூட்டப்படும் ஜெனரேட்டர் ஒன்று, தொடர்ந்து ஓடியது. அந்த ஒன்றை வைத்தே ஐந்தாம், ஆறாம் உலைகளைக் காப்பாற்றினார்கள். முதல் மூன்று உலைகளும் உருகின.

சாராதவை என்று நினைத்துப் பெருக்கியிருந்தால் பன்னிரண்டும் ஒன்றாகப் போவதன் நிகழ்தகவுக்குப் புள்ளிக்குப் பிறகு எத்தனை பூச்சியம் போடவேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். ஜெனரேட்டர் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் நல்ல இயந்திரம்தான். அவற்றுக்குப் பொதுவாக இருந்தது இடம். இன்னொரு விடயம் என்னை மேலும் சங்கடப்படுத்தியது. நின்றுபோன ஜெனரேட்டர்களில் இரண்டு வேறொரு கட்டடத்தில், தரை மட்டத்தில் இருந்தன. அவற்றுக்குத் தண்ணீரால் சேதமில்லை. ஆனால் அவை உண்டாக்கும் மின்சாரத்தைப் பங்கிடும் மின்பலகைகள் நிலக்கீழ்த் தளத்தில் மூழ்கிவிட்டன. இயந்திரம் நன்றாகவே இருந்தது. அதன் மின்சாரம் போகும் வழிதான் மூழ்கியது.

அதே கரையோரத்தில், நிலநடுக்க மையத்துக்கு இன்னும் கிட்டவாக, ஒனகாவா என்ற இடத்திலும் அணுமின் நிலையம் ஒன்று உண்டு. அதைக் கட்டும்போதே நிலத்தை ஏறத்தாழ 15 மீற்றர் உயரத்தில் அமைத்திருந்தார்கள். அங்கே வந்த அலை ஏறத்தாழ 13 மீற்றர். அது தப்பியது.

ஒரே காரணம் பல பாகங்களை ஒன்றாக வீழ்த்துவதைப் பொதுக் காரணச் செயலிழப்பு என்கிறார்கள். இதைக் கணக்கில் கொண்டுவர 1970களில் அணுமின் நிலையப் பாதுகாப்பை ஆராய்ந்தவர்கள் எளிமையான ஒரு வழியைக் கண்டார்கள். பாகம் ஒன்று செயலிழக்கும் நிகழ்தகவில் ஒரு பங்கு, தன் கூட்டாளிகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழும் வகை. மிச்சம், தான் மட்டும் விழும் வகை. அந்தப் பங்குக்குப் பீற்றா என்று பெயர். உதாரணமாகப் பாகம் ஒன்று செயலிழக்கும் நிகழ்தகவு 1/100, பீற்றா 1/10 என்று வைப்போம். இரண்டும் சேர்ந்து விழுவது: பொதுக் காரணத்தால் 0.001, தற்செயலாகத் தனித்தனியே விழுவதால் 0.009 × 0.009, அதாவது 0.000081. மொத்தம் 0.001081. சாராதவை என்று நினைத்திருந்தால் 0.0001 என்றிருப்போம், பதினொரு மடங்கு குறைத்துச் சொல்லியிருப்போம். பத்தில் ஒரு பங்கு பொதுவாக இருந்ததற்கே இந்த நிலை. மூன்றாவது பாகத்தையும் சேர்த்தால் 0.0010007. அந்த 0.001 எங்கேயும் போகாது. கொப்பியில் நான்கு, ஐந்து, ஆறு பாகங்கள் என்று நீங்களும் போட்டுப் பாருங்கள். என் வீட்டு 0.05 ஐப் போலவே அது தரையாக நிற்கும்.

இடம் மட்டுமல்ல, ஒரு பாகத்தின் சிதறலும் பொதுக் காரணமாகலாம். 1989 ஜூலை 19 ஆம் திகதி அமெரிக்காவில் டென்வரிலிருந்து சிக்காகோ நோக்கிப் பறந்த டிசி-10 விமானம் ஒன்றில் வால் பக்க எஞ்சினின் விசிறித் தட்டு வெடித்தது. செய்யும்போதே உலோகத்தில் இருந்த ஒரு குறையிலிருந்து வளர்ந்த வெடிப்பு அது. எஞ்சின் ஒன்று போனால் மற்ற இரண்டால் பறக்கலாம், அதற்குத்தான் மூன்று. ஆனால் விமானத்தைத் திருப்பும் ஹைட்ரோலிக் தொகுதிகளும் மூன்று. மூன்றின் குழாய்களும் வால் பகுதியில் கிட்டக் கிட்டப் போயின. பறந்த உலோகத் துண்டுகள் மூன்றையும் அறுத்துவிட்டன. மூன்றும் ஒன்றாகப் போவது நடக்கவே நடக்காது என்று கருதப்பட்டதால் அதற்கு என்ன செய்வது என்று விமானிகளின் கைநூலில் ஒரு வரிகூட இருக்கவில்லை. கப்டன் அல் ஹெய்ன்ஸ் தலைமையிலான விமானிகளும், பயணியாக வந்திருந்த டெனிஸ் ஃபிட்ச் என்ற பயிற்றுநரும் மிஞ்சிய இரண்டு எஞ்சின்களின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் முக்கால் மணி நேரம் விமானத்தை இழுத்துக்கொண்டுபோய் சூ சிட்டி விமான நிலையத்தில் இறக்க முயன்றார்கள். 296 பேரில் 184 பேர் உயிர் தப்பினார்கள். பிறகு அவ்வகை விமானங்களில், வால் பக்கம் குழாய் அறுந்தாலும் ஒரு தொகுதியின் எண்ணெய் முழுவதும் வடிந்துவிடாதபடி அடைத்துக்கொள்ளும் வால்வைப் பொருத்தினார்கள். நான்காவது தொகுதி ஒன்றைச் சேர்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

சார்ந்திருப்பதில் இன்னொரு வகையும் உண்டு. அங்கே வெளியிலிருந்து எந்த வெள்ளமும் வருவதில்லை; ஒருவர் விழுந்ததே மற்றவருக்குச் சுமையாகிவிடுகிறது. ஒரு பெரிய விளக்கு இரண்டு கம்பிகளில் தொங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பாதிப் பாரத்தில் கம்பி ஒன்று அறும் நிகழ்தகவு 0.1. முழுப் பாரமும் விழுந்தால் 0.5. விளக்கு விழும் நிகழ்தகவு என்ன? 0.1 × 0.1 = 0.01 என்று எழுதினால் என்னைப்போலப் பிழைவிடுவீர்கள். இரண்டும் பாதிப் பாரத்திலேயே அறுவது 0.01. ஒன்று மட்டும் அறுவது 2 × 0.1 × 0.9, அதாவது 0.18. அப்போது மிஞ்சிய கம்பியில் முழுப் பாரம். அது பாதிப் பாரத்தைத் தாங்கிய கம்பி என்பது தெரியும். அப்படியான கம்பி முழுப் பாரத்தில் அறுவது 0.4 ஐ 0.9 ஆல் பிரித்தது, அதாவது 4/9. 0.18 × 4/9 = 0.08. மொத்தம் 0.09. ஒன்பது மடங்கு! உயர்தரப் பரீட்சைக்குத் தயாராகும் சகோதரிகள் அந்த 4/9 எப்படி வந்தது என்று ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுப் போகவும். நான் முதலில் அங்கே 0.5 என்று எழுதி வெட்டினேன்.

மின்வலையமைப்புகள் விழுவது பெரும்பாலும் இந்த விதத்தில்தான். 2003 ஓகஸ்ட் 14 இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உயர் அழுத்தக் கம்பி ஒன்று பாரத்தால் சூடாகித் தாழ்ந்து மரத்தில் பட்டுத் துண்டிக்கப்பட்டது. அதன் பாரம் அடுத்த கம்பிக்குப் போனது. அதுவும் சூடாகித் தாழ்ந்து மரத்தில் பட்டது. நாற்பது நிமிடங்களுக்குள் இப்படி மூன்று. அன்று பின்னேரம் அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு மின்சாரம் இல்லை. எங்கள் நாட்டில் 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை முழுத் தீவும் இருண்டது எல்லோருக்கும் ஞாபகமிருக்கும். பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு ஒன்று பட்டதால் வந்தது என்று அன்று அறிவித்தார்கள். எல்லோரும் குரங்கைப் பற்றியே பேசினோம். ஞாயிற்றுக்கிழமையாதலால் மின்பாவனை குறைவு, நல்ல வெயிலில் சூரியப்படல் மின்சாரம் அதிகம், ஆகவே சுழன்றுகொண்டிருந்த பாரமான மின்பிறப்பாக்கிகள் குறைவு. சுழலும் பாரத்துக்கு ஓர் உந்தம் உண்டு, அதிர்ச்சியைக் கொஞ்சம் தாங்கும். அது குறைவாக இருந்த நேரத்தில் அதிர்ச்சி வந்தது. நுரைச்சோலையின் மூன்று மின்பிறப்பாக்கிகளும் நின்றன; அவற்றைத் திரும்ப இயக்க நாட்கள் எடுத்ததால் அந்த வாரம் நேர அட்டவணைப்படி மின்வெட்டும் வந்தது. குரங்குகளை விரட்டினாலும் அந்த வலையமைப்பின் சார்பு அப்படியேதான் இருந்திருக்கும்.

இனி எங்கள் வீடு. பற்றரியும் இன்வேர்ட்டரும் இப்போது சுவரில், ஜன்னல் உயரத்துக்கு மேல் இரும்புத் தாங்கியில் இருக்கின்றன. ஜெனரேட்டரை நானா திருத்திவிட்டார். அது தாழ்வாரத்திலேயேதான், ஏனென்றால் அதன் புகை வீட்டுக்குள் வரக்கூடாது. தூக்கக்கூடிய அளவு சிலிண்டர் ஒன்று வாங்கி உம்மும்மாவின் அறையில் உயரமாகச் சங்கிலி போட்டு நிறுத்தியிருக்கிறோம். அந்த அறையில் மெழுகுதிரி ஏற்றுவதில்லை. ஒட்சிசனுக்குப் பக்கத்தில் நெருப்பு எவ்வளவு ஆபத்து என்பதை இப்படிக் கருவி வைத்திருக்கும் வீடுகளில் எல்லோரும் அறிந்திருக்கவேண்டும். கரண்ட் போனதும் முதலில் கை போவது மெழுகுதிரிக்குத்தான்.

புதிய கணக்கை எழுதி வாப்பாவிடம் கொடுத்தேன். இந்த முறை இரட்டைக் கோடு போடவில்லை. அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்துவிட்டு, "எல்லாம் சரி. ஒருக்கா ஓப் பண்ணிப் பாப்பம்" என்றார். ஒரு வெள்ளிக்கிழமை இஷாவுக்குப் பிறகு, உம்மும்மாவிடம் சொல்லிவிட்டு, பெட்டியை ஓடவிட்டபடியே, வீட்டின் மெயின் சுவிட்சை இறக்கி, இன்வேர்ட்டரும் இல்லை, ஜெனரேட்டரும் இல்லை என்று வைத்துச் சிலிண்டரைத் திறக்கப் போனோம்.

திறக்க முடியவில்லை. சிலிண்டரின் வாயைத் திருகும் சாவி குசினியில், பழைய இன்வேர்ட்டர் மேசையின் அடி லாச்சிக்குள் இருந்தது. வெள்ளம் வந்த அன்று முதலில் நனைந்த லாச்சி. நானா சிரித்தார். எனக்கு அந்த மின்பலகைகள்தான் ஞாபகம் வந்தன. அத்தோடு இருட்டில் மானியின் எண்ணை வாசிக்க முடியவில்லை. டோர்ச்சுக்குச் சார்ஜ் ஏற்றும் வயர் இன்வேர்ட்டரில் பூட்டியிருந்தது.

சாவியை நைலோன் கயிற்றால் சிலிண்டரின் கழுத்திலேயே கட்டிவிட்டோம். பற்றரி போடும் டோர்ச் ஒன்று தனியாக வாங்கினோம். அதற்கு இன்னும் நல்ல இடம் பார்க்கவில்லை. இப்போதைக்கு உம்மும்மாவின் தலையணைக்கடியில் இருக்கிறது. "இது என்னத்துக்கு மகள், குத்துது" என்று ஒவ்வோர் இரவும் அவர் அதை எடுத்து என் கையில் தருகிறார். நான் திரும்ப வைக்கிறேன்.